வாரத்துக்கு ஒரு வீடு

எங்கள் விவாகரத்தில் பெரிய சண்டை எதுவும் வரவில்லை. சோபா, வாஷிங் மெஷின், புத்தக அலமாரி எல்லாவற்றையும் ஒரே மாலையில் பேசி முடித்துவிட்டோம். நாய் விஷயம் மட்டும் மூன்று வாரம் இழுத்தது.

நான் கோயம்புத்தூர்க்காரன். ஹிஞ்சேவாடியில் வேலை கிடைத்துப் புனேவுக்கு வந்தவன். அவள் புனேவிலேயே, கட்கியில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய அப்பா அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலூர்ப் பக்கத்திலிருந்து அவர்கள் குடும்பம் வந்து மூன்று தலைமுறை ஆகிறது. நாங்கள் இருவரும் ஒரே ஆபீசில் வேலை செய்தோம், பழகினோம், கல்யாணம் செய்துகொண்டு வாகடில் ஒரு ஃபிளாட்டில் குடியேறினோம். முதல் மழைக்காலத்தில், கீழே பார்க்கிங்கில் யாருடைய ஸ்கூட்டருக்கோ அடியில் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த ஒரு தெருநாய்க் குட்டியை அவள் துப்பட்டாவில் சுற்றி மேலே எடுத்து வந்தாள். செம்மண் நிறம், வால் நுனி மட்டும் வெள்ளை.

"இன்னைக்கு ஒரு நாள் இருக்கட்டும், நாளைக்கு பாத்துக்கலாம்" என்றாள்.

இருந்துவிட்டான். எங்கள் வீட்டில் யாரும் அவனை 'அது' என்று சொன்னதில்லை.

எங்களுக்குள் எப்போது கெட்டுப்போனது என்று என்னால் ஒரு நாளைக் குறிப்பிட்டுச் சொல்ல முடியாது. கத்திப் பேசுவது சிறுகச் சிறுகப் பழக்கமாகிவிட்டது. ஆரம்பத்தில் நாங்கள் குரலை உயர்த்தினால் அவன் எழுந்து வந்து இருவருக்கும் நடுவில் நிற்பான். அவள் மடியில் ஒரு காலை வைத்து என்னைத் திரும்பிப் பார்ப்பான். அதைப் பார்த்து நாங்கள் சிரித்துச் சமாதானமான நாட்கள் உண்டு. பிறகு நடுவில் வருவதை விட்டுவிட்டான். பாத்ரூமுக்குள் போய், வாளிக்குப் பின்னால் சுவரோடு ஒட்டிப் படுத்துக்கொள்வான். வெயில் காலம், ஈரத்துக்காகப் போகிறான் என்று நினைத்தோம். மழை வந்த பிறகும் அங்கேதான் படுத்தான். அப்போதும் நாங்கள் வேறு எதையும் யோசிக்கவில்லை.

அவள் கட்கிக்குத் தன் அப்பா வீட்டுக்குப் போனபோது, அவன் யாரிடம் இருப்பது என்ற கேள்வி வந்தது. எடுத்து வந்தவள் அவள். காலையும் மாலையும் நடக்கக் கூட்டிப் போனவன் நான். இரண்டு பேரும் விடவில்லை. கடைசியில் நான்தான் அந்த யோசனையைச் சொன்னேன். ஒரு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. ஞாயிறு காலை பத்து மணிக்கு மாற்றிக்கொள்வது. இதைவிட நியாயமாக யாராலும் பிரிக்க முடியாது என்று எனக்கு உள்ளூரப் பெருமை கூட இருந்தது.

முதல் மாதம் காரில் ஏற அவனுக்கு உற்சாகம். ஔந்த் வழியாகப் போகும்போது ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டே வருவான். இரண்டாவது மாதம் கார் கதவைத் திறந்ததும் பார்க்கிங் தரையில் உட்கார்ந்துகொண்டான். இழுத்தால் படுத்துக்கொண்டான். அவனைத் தூக்கி உள்ளே வைக்க வேண்டியிருந்தது. வீடு மாறிய முதல் இரண்டு நாள் சாப்பாட்டைத் தொடமாட்டான். மூன்றாவது நாள் கொஞ்சம் தின்பான், நான்காவது நாள் பழையபடி ஆவான். இன்னும் நான்கு நாளில் மறுபடி ஞாயிறு வந்துவிடும். குட்டியாக இருந்தபோதுகூடக் கடிக்காத கதவுச் சட்டத்தைக் கடித்துப் பிய்த்தான். ஹாலில் சிறுநீர் கழித்தான். நான் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று அழுதான். முன்னங்காலை நக்க ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. முடி போய், தோல் சிவந்து, ஒரு நாள் பார்த்தால் ரத்தம்.

ஔந்தில் ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். மராட்டிக்காரப் பெண், நடுத்தர வயது, நிதானமாகப் பேசுபவர். காலை விரித்துப் பார்த்தார், காதைப் பார்த்தார், ரத்தம் எடுத்தார். மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு இந்தியில் கேட்டார்.

"வீட்டில் ஏதாவது மாறியிருக்கிறதா? புதிதாக யாராவது வந்திருக்கிறார்களா, யாராவது போயிருக்கிறார்களா?"

"ஒன்றும் இல்லை டாக்டர்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அலுவலகத்தில் பாதிப் பேருக்கு நான் இன்னும் சொல்லவில்லை. ஊரில் அம்மாவிடம் போனில் பேசும்போது அவள் வெளியே போயிருக்கிறாள் என்பேன். அந்தப் பழக்கத்தில் வாயில் தானாக வந்துவிட்டது. அவன் காலை நக்க முடியாதபடி அவர் அவனுடைய கழுத்தில் ஒரு அகலமான பிளாஸ்டிக் வளையத்தை மாட்டி அனுப்பினார். அதோடு அவன் சுவரிலும் நாற்காலியிலும் இடித்துக்கொண்டு வீடு முழுவதும் நடந்தான்.

அடுத்த வாரம், அவள் முறையில், அவளும் அதே மருத்துவரிடம் போயிருக்கிறாள். அவள் மறைக்கவில்லை. அடுத்த முறை நான் போனபோது மருத்துவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. "உங்கள் மனைவி எல்லாம் சொன்னார்" என்று மட்டும் சொல்லி, ஒரு நோட்டில் குறித்து வைக்கச் சொன்னார். எப்போது நக்குகிறான், எப்போது ஒளிகிறான், அதற்குச் சற்று முன்னால் வீட்டில் என்ன நடந்தது. இவ்வளவுதான்.

வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களில் நான் குறித்தேன். முதல் சில நாள் எழுதியதில் எனக்கு எதுவும் புரியவில்லை. பிறகு ஒரு புதன்கிழமை பிற்பகல், எங்கள் கம்பெனி சாஃப்ட்வேரின் ஒரு புதிய பதிப்பு வெளியாகி, நடுவில் வேலை செய்யாமல் நின்றுவிட்டது. போன் மீட்டிங்கில் எல்லோரும் பேச, நானும் பேசினேன். கொஞ்சம் சத்தமாகத்தான் பேசியிருப்பேன். முடித்துவிட்டுத் திரும்பினால் என் காலடியில் இருந்த அவன் இல்லை. பாத்ரூமில், வாளிக்குப் பின்னால், பிளாஸ்டிக் வளையத்தோடு உள்ளே நுழைய முடியாமல் பாதி உடம்பைத் திணித்துக்கொண்டு நின்றான். பின்னங்கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

நான் அவனை ஒருநாளும் அடித்ததில்லை. அவனைப் பார்த்துக் கத்தியதும் இல்லை. "வாடா தங்கம்" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை.

ஈரத் தரையிலேயே உட்கார்ந்தேன். அவள் கடைசி வருடத்தில் அடிக்கடி சொன்ன ஒரு பேச்சு இருந்தது: "நீ பேசுறது உனக்கு கேக்கல." ஒவ்வொரு தடவையும் நான் அதற்குப் பதில் வைத்திருந்தேன். நான் கத்தவில்லை, என் குரலே அப்படித்தான், எங்கள் வீட்டில் எல்லோரும் இப்படித்தான் பேசுவோம் என்பேன். அவனுக்கு என்ன பதில் சொல்வது? அரை மணி நேரம் கழித்து அவனாகவே பின்னால் நகர்ந்து வந்து, என் முழங்காலில் அந்த வளையத்தை இடித்துக்கொண்டு படுத்தான். நோட்டில் அன்றைக்கு நான் எழுதியது: 'என் குரல்.'

அடுத்த ஞாயிறு கட்கிக்குப் போனேன். அவர்கள் வீடு சின்ன வீடு, முன்னால் இரும்பு கேட், பக்கத்தில் ஒரு வேப்பமரம். மாமனார் கேட்டைத் திறந்தார். முன்பெல்லாம் "வாங்க மாப்ளே" என்பார். பிரிந்த பிறகு என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. "வாங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அவள் வெளியே வந்தாள். நோட்டைக் கையில் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். அந்தப் புதன்கிழமைப் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள்.

"இனிமே கொண்டுபோகலை. இங்கயே இருக்கட்டும்" என்றேன்.

"இன்னா திடீர்னு?"

"நீயே படிச்சியே."

அவள் நோட்டை மூடினாள். "அரே, உனக்கு ஒண்ணு சொல்லவா? உனக்கு அவன் வேணும்னு இருந்துச்சு, இல்லேன்னு சொல்லல. ஆனா என்கிட்ட தோத்துடக் கூடாதுன்னும் இருந்துச்சு. எனக்கும் அப்படித்தான். நடுவுல அவன் கால்தான் போச்சு."

கோபமாகச் சொல்லவில்லை.

மாமனார் கேட்டருகிலேயே நின்றிருந்தார். "அப்போ நீங்க வரமாட்டீங்களா?" என்றார்.

"வருவேனுங்க மாமா. ஞாயித்துக்கிழமை வந்து நடக்கக் கூட்டிட்டுப் போறேனுங்க. வூட்டுக்குக் கொண்டுபோக மாட்டேன்."

"சரி, சாய் குடிச்சிட்டுப் போங்க" என்று உள்ளே போனார்.

காலி காரில் திரும்பினேன். பின் சீட்டில் விரித்திருந்த பழைய போர்வையில் அவனுடைய முடி. அதை உதற ஒரு மாதம் ஆனது எனக்கு.

ஓரிடத்தில் விட்டதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. முதல் இரண்டு ஞாயிறு, பத்து மணி நெருங்கும்போதே அவன் கட்டிலுக்கு அடியில் போய்விட்டானாம். என் கார் சத்தம் கேட்டதும் நடுங்கினான். என்னைக் கண்டால் குதிக்கிறவன், என்னைக் கண்டு நடுங்கியது அப்போதுதான். மருத்துவரிடம் கேட்டேன். காரில் வராதீர்கள், வேறு நேரத்தில் வாருங்கள், கூட்டிப்போனால் அரை மணியில் அதே வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவிடுங்கள், ஒவ்வொரு முறையும் அப்படியே செய்யுங்கள் என்றார். பஸ்ஸில் போக ஆரம்பித்தேன். ஏழரை மணிக்குப் போவேன், அவர்கள் வீட்டுக்குப் பக்கத்து மைதானத்தைச் சுற்றி நடப்போம், எட்டு மணிக்கு வேப்பமரத்தடியில் கொண்டுவந்து கயிற்றைக் கழற்றிவிடுவேன். அவன் என்னையும் கேட்டையும் மாறி மாறிப் பார்ப்பான். நான் அங்கேயே உட்கார்ந்து டீ குடிப்பேன்.

மற்ற நாட்களில் அவனைப் பார்த்துக்கொண்டது மாமனார்தான். அவருக்கு நாய் மேல் தனிப் பிரியம் எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியாது. ஆனால் ஷிஃப்டுக்குப் போய் வந்த உடம்பு, எல்லாமே மணிப்படி. ஆறு மணிக்கு நடை, எட்டுக்குச் சப்பாத்தி, மதியம் மோர் சாதம், அப்புறம் இருவரும் தூக்கம். மெதுவாகப் பேசுகிற மனிதர். டிவியைக்கூடச் சத்தமாக வைக்கமாட்டார். புண் ஆறி அவனுடைய காலில் மெல்லிய முடி முளைக்க மூன்று மாதம் ஆனது. "பாத்தீங்களா, சொரசொரன்னு வருது" என்று என் விரலைப் பிடித்து அதன் மேல் வைத்தார்.

நானும் ஏதோ செய்தேன். மீட்டிங்கில் பேசும்போது என் குரலை நானே கேட்கப் பழகினேன். முழுதாக மாறிவிட்டேன் என்று சொன்னால் பொய்.

ஒன்றரை வருடம் இப்படிப் போனது. ஒரு ஞாயிறு டீ குடிக்கும்போது அவள் என்னெதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்" என்றாள்.

டம்ளரைக் கீழே வைத்தேன். "நல்லது" என்றேன்.

"உன்கிட்ட ஒரு ஹெல்ப் வேணும். இவனுக்கு இன்னொரு தடவை அந்த மாதிரி ஆகக் கூடாது. அவர் இங்க வந்துதான் இருக்கப் போறார், வீடு மாறாது. ஆனா அவருக்கு நாய்னா பயம். சின்ன வயசுல கடிச்சிருக்கு. இவன் வெளியில நம்புற ஆம்பள நீ ஒருத்தன்தான். நீ கூட இருந்து பழக்கி விடுறியா?"

கேட்பது நியாயமா என்று அவளுக்கே சந்தேகம் இருந்தது முகத்தில் தெரிந்தது. ஆனால் அவன் வேப்பமரத்தடியில் கால் நீட்டிப் படுத்திருந்தான். "வரச் சொல்லு" என்றேன்.

அவர் மராட்டிக்காரர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மைதானத்துக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, பத்தடி தள்ளி நின்று என்னிடம் கை கூப்பினார். எங்களுக்குப் பொதுவாக இருந்த மொழி இந்தி. இருவருமே தயங்கித் தயங்கிப் பேசினோம். முதல் வாரம் கிட்டே வர வேண்டாம், என் மறுபக்கத்தில் நடந்தால் போதும் என்றேன். நடந்தார். நாய் அவரைத் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது வாரம், கண்ணைப் பார்க்காதீர்கள், கையைத் தொங்க விடுங்கள், அவனாக மோந்து பார்க்கட்டும் என்றேன். மோந்து பார்த்தான். அவருடைய நெற்றியில் வியர்வை. "இவன் என்னைப் பிடிக்கவில்லை என்று சொன்னால்?" என்று கேட்டார். கணக்கு வாத்தியார் கேட்கிற கேள்வி மாதிரியே இல்லை.

"மெதுவாகப் பேசுங்கள். அது போதும். நான் அதைத்தான் செய்யவில்லை" என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டுக் கையை இன்னும் கொஞ்சம் கீழே தொங்க விட்டார்.

மூன்றாவது, நான்காவது வாரமும் மூவரும் நடந்தோம். ஐந்தாவது வாரம் பாதி வழியில் கயிற்றை அவர் கையில் கொடுத்தேன். அவன் நின்று, என் கையை ஒருமுறை மோந்தான். பிறகு எப்போதும் போல ஓரத்துப் புல்லை மோந்துகொண்டு முன்னே போனான். வாத்தியார் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பின்னால் போனார். நான் வேண்டுமென்றே நடையைக் குறைத்தேன்.

கல்யாணம் ஆன வாரத்தில் அவன் ஒரு வேளை மட்டும் சாப்பிடவில்லை. மாமனார் எனக்கு போன் செய்து சொன்னார். மறுநாளே மறுபடி போன் செய்து, "தின்னுட்டான் மாப்ளே, காலையும் நக்கல" என்றார். அவர் வாயில் அந்தப் பழைய சொல் எப்படி வந்தது என்று அவருக்கே தெரிந்திருக்காது. நானும் அதைத் திருத்தவில்லை.