பேனையை மூடும் காப்புறுதிக்காரர்

என்னைப் போல ஒரு முட்டாளை ஹம்பேர்க் நகரம் கண்டிருக்காது. எழுபத்தைந்து வயதில் என் செத்தவீட்டுச் செலவுக்குக் காப்புறுதி எடுக்கப் போனேன். ஆரோக்கியத்தைக் காட்டினால் மலிவாகத் தருவார்கள் என்று நம்பி, தலைக்குச் சாயம் பூசி, லிஃப்டை விட்டுவிட்டு, முகவரின் அலுவலகத்துக்கு நான்கு மாடி ஏறினேன்.

அவர் நம்மவர்தான், தமிழர். ஒல்லியான மனிதர், அவருடைய கோட் இன்னொருவருக்குத் தைத்தது போலத் தொங்கியது. கையை விரிக்க வேண்டி வந்தால் முதலில் பேனையை மூடுவார்.

"ஒரு மருந்துக் குளிசைகூடப் போடுறேல்லை, தம்பி," என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

பேனையை மூடினார். "அதுதான் கரைச்சல், அண்ணை. இந்த வயதில மாதாமாதம் கட்டுற காசு அதிகம். நீங்கள் கனகாலம் இருந்தால், கிடைக்கிறதை விடக் கட்டினது கூடிப்போம்."

"அப்ப கெதியாச் செத்தால்?"

"முதல் வருசங்களில எண்டால் முழுசாத் தரமாட்டினம்."

எனக்குக் குடும்பமென்று ஆளில்லை. இங்கே அப்படிப்பட்டவர் இறந்தால், நம்மவர்களின் வாட்சப் குழுவில் படத்தைப் போட்டுச் செத்தவீட்டுக்குக் காசு சேர்ப்பார்கள். என் படம் அப்படி வரக்கூடாது என்பதுதான் என் ஒரே ஆசை. அதைச் சொல்லிவிட்டுக் கேட்டேன்:

"நீர் உமக்கு நல்ல காப்புறுதியா ஒண்டு எடுத்து வைச்சிருப்பீர், என்ன?"

மூடியிருந்த பேனையைத் திறந்து, மறுபடியும் மூடினார்.

"எனக்கும் வாட்சப்பிலதான் காசு சேர்ப்பினம், அண்ணை."