விரலால் படித்த அண்ணன்

அண்ணி இருந்தார். அவர் மகள் இருந்தாள். டாக்டர் இருந்தார். கட்டிலோரம் நான், கடைசித் தம்பி. ஸ்ரீரங்கம் வீட்டில் அண்ணன் காலமானபோது கூட இருந்தவர்கள் இவ்வளவுதான். வர முடியாத சொந்தங்களுக்காக, பார்த்ததை எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது ஜீயபுரம். வாழைக்கொல்லைதான் எங்கள் பிழைப்பு. அப்பா சீக்கிரம் போய்விட்டார். அண்ணன் ஒருவர்தான் படித்தார். நான் மூன்றாவதோடு நின்று வாழைத்தார் சுமந்தேன். அண்ணன் தென்னூரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா ஆனார். சாப்பிடும்போது தினம் ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் சொல்வார்.

"லிட்டரேட்னா எழுதப் படிக்கத் தெரிஞ்சவன். இல்லிட்டரேட்னா இதோ, நம்ம வாழைத்தார்" என்று என்னைக் காட்டுவார்.

"அந்தத் தாரை வித்துத்தானேண்ணே படிச்சீங்க?" என்பேன். சிரிப்பார்.

மூன்று வருஷம் முன்பு ஒரு காலை, பேப்பரைப் பார்த்துவிட்டு அண்ணியிடம் கேட்டார்.

"ஏம்மா, எந்த ஊரு பாஷை இது?"

அது வழக்கமாக வரும் தமிழ்ப் பேப்பர். கண் நன்றாகத் தெரிந்தது. பேச்சும் சரி. கையெழுத்துப் போட்டார். போட்டதை அவராலேயே படிக்க முடியவில்லை.

"மூளையில ரத்தக்கட்டு. படிக்கிற இடம் மட்டும் போயிருக்கு" என்றார் டாக்டர்.

அண்ணன் அழவில்லை. "இப்ப நான்தாண்டா இல்லிட்டரேட். இப்படியே போயிடக் கூடாது" என்றார்.

ஒரு நாள் பேப்பரில் எழுத்தின் மேலேயே விரலை ஓட்டினார். விரல் ஓட ஓட வாய் சொல்லிற்று. கண் மறந்தது விரலுக்குத் தெரிந்தது. அது முதல் விரல் ஓயவில்லை. தூக்கத்திலும் பாயில் எழுதும். வாய் அர்த்தம் முணுமுணுக்கும். அண்ணி பயந்து அந்தக் கையைப் போர்வைக்குள் வைப்பார். உள்ளேயும் எழுதும்.

என் உள்ளங்கையில் லிட்டரேட் என்று எழுதிக் காட்டினார். இங்கிலீஷில் எட்டு எழுத்து. "இனிமே நீயும் அதுதாண்டா" என்றார். எனக்கு வந்த இங்கிலீஷ் அது ஒன்றுதான்.

வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், சம்பளத்தை நிறுத்தாத வக்கீல் ஐயாவுக்கும், தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் கும்பிடு.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அண்ணன் போன அன்று மறுபடி ரத்தக்கட்டு வந்து பேச்சு நின்றுபோனது. அண்ணன் என் கையை இழுத்து எழுத ஆரம்பித்தார். அதே வார்த்தை. பாதியில், அவருடைய மற்றக் கையில் நாடி பிடித்திருந்த டாக்டர் அதை விட்டார்.

"உயிர் போயிடுச்சும்மா."

அண்ணி அலறினார். விரல் நிற்கவில்லை. நான் கையை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்தது நான்கு எழுத்து.