பனியாற்றடிக்கு நான் அனுப்பிய காவல்

போன கோடையில் நடந்தது. நாங்கள் டென்மார்க்கில், இக்காஸ்ட் என்ற ஊரில் இருக்கிறோம். பல்கலைக்கழகத்தில் புவியியல் படிக்கும் என் மகள் வகுப்போடு சுவிஸ் மலைக்குப் புறப்பட்டாள். அங்கே ஒரு பனியாறு ஆண்டுதோறும் பின்வாங்குகிறதாம். அது விட்டுப்போன பள்ளத்தில் உருகிய நீர் ஏரியாகத் தேங்குகிறதாம். பனியின் விளிம்பு எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறது என்று அளக்கும் குழுவில் தான் இருப்பதை மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

என் காதில் விழுந்தது பனி, பள்ளம், ஏரி மட்டும்தான்.

"ஆசிரியர் இருக்கிறார், கயிறு இருக்கு, ஹெல்மெட் இருக்கு. போதாதே அம்மா?" என்றாள். எனக்குப் போதவில்லை. புலம்பெயர்ந்த நம்மவர்களுக்கு ஐரோப்பாவின் எந்த மூலையிலும் ஒரு சொந்தம் இருக்குமே. அவளுக்குத் தெரியாமல் சுவிஸில் இருக்கும் என் தம்பியை அழைத்து, ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன்.

"ஓம் அக்கா, இடியப்பமும் கட்டிக்கொண்டு போறன். பனிக்கட்டியைத் தின்னவே பிள்ளையை அனுப்பினனீங்கள்?" என்று சிரித்தான்.

அவர்களின் முகாம் ஏரியிலிருந்து வழியும் ஓடைக்கு அக்கரையில். தம்பி இக்கரையில் நின்று, காலையில் அவளுக்குப் போன் செய்திருக்கிறான். கூட வந்தவர்களுக்கு முன்னால் அவளுக்கு வெட்கம். மாமனைத் திருப்பி அனுப்பவும் மனமில்லை. ஆசிரியரிடம் சொல்லாமல், கற்களில் கால்வைத்துத் தனியாக ஓடையைக் கடந்து வந்தாள். சாப்பிட்டுக் கதைத்து முடிய மதியம் தாண்டிவிட்டது. வெயில் ஏறினால் பனி உருகி ஓடை பெருகும். அது அவள் படித்ததுதான். அவசரத்தில் மறந்துவிட்டாள். திரும்பும்போது கற்கள் நீருக்குள் கிடந்தன. நடுவில் கால் வழுக்கியது. தம்பி பாய்ந்து அவளுடைய முதுகுப்பையைப் பிடித்திராவிட்டால்...

"பிள்ளை இஞ்சை என்னோடைதான் இருக்கிறாள். பயப்பிடாதேங்கோ அக்கா" என்று போனில் அவன் சொன்னபோது குளிரில் அவன் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. அப்போது நான் வேலையிடத்து உடைமாற்றும் அறையில் இருந்தேன்.

சொல்லாமல் போனதற்காக ஆசிரியர் அவளைப் பனிக்குப் போகவிடவில்லை. மற்றவர்கள் அளந்து வந்தார்கள். இவள் முகாமில் இருந்தாள்.

ரயிலடியிலிருந்து அவளைக் காரில் கூட்டி வந்தேன். வழக்கமாக டேனிஷில் பேசுபவள், வீடு நெருங்கும்போது தமிழில் சொன்னாள்: "வகுப்புப் பிள்ளையளோடை நிண்ட வரைக்கும் எனக்கு ஒண்டும் நடக்கேல்லை, அம்மா."

இப்போதும் அவள் எங்கேயாவது புறப்பட்டால் என் கை போனைத்தான் தேடுகிறது. பத்திரமாக நின்றவளைத் தண்ணீருக்குள் இறக்கியது என் பயம்தான் என்ற நினைப்பு வந்ததும், போனைக் கீழே வைத்துவிடுகிறேன்.