பின்னால் போகாத வண்டி

போன ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் எதிர்வீட்டு டாக்டர் பெண் என்னைத் தன் புதுக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தாள். நர்ஸ் வேலையை விட்டு எத்தனையோ காலமாகியும் எங்கள் காலனியில் எல்லோருக்கும் நான் சிஸ்டர்தான். பாடி மேம்பாலத்தடியில் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்துகொண்டிருந்தபோது, "பாருங்க சிஸ்டர், இதுல கிளட்சே கிடையாது. இடது காலுக்கு வேலையே இல்ல" என்றாள் பெருமையாக.

நல்ல வண்டிதான் என்றேன். சன்னல் வழியே ஏதோ பட்டறையிலிருந்து பழைய ஆயில் வாசனை வந்தது. கருகின வெல்லமும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி ஒரு வாசனை. உங்களுக்கு அது குமட்டும். எனக்கு அது பூந்தமல்லி ஆஸ்பத்திரியின் பின்கட்டுக் கொட்டகை.

வெள்ளைக்காரன் காலத்தில், உலகச் சண்டை முடிந்த மறு வருஷம். எங்கள் டாக்டரம்மா நடத்திய சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாகச் சேர்ந்திருந்தேன். என் அண்ணன் அருளப்பன் பட்டாளத்தில் லாரி ஓட்டப் போனவன், பர்மா பக்கத்திலிருந்து இடது கால் இல்லாமல் திரும்பி வந்தான். தொடைக்குக் கீழே ஒன்றுமில்லை. போவதற்கு முன் அவன் வாயைக் கட்டிப்போட முடியாது. கோயிலில் பூசை நேரத்திலும் அவன் சிரித்து, எனக்குக் கிள்ளு விழும். வந்தபிறகு, ஆஸ்பத்திரிப் பின்கட்டில் எங்களுக்குக் கொடுத்திருந்த அறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான். அம்மா கஞ்சியை வைத்துவிட்டு, ஆறிப்போனதை எடுத்துப்போவாள். ஊரில் எத்தனையோ பேருடைய கட்டை அவிழ்த்துப் புண் துடைத்தவள் நான். என் அண்ணன் கட்டை அவிழ்க்கும்போது மட்டும் பார்வையை வேறெங்கோ வைத்துக்கொள்வேன். பெரிய நர்ஸ்!

ஆஸ்பத்திரிக் கொட்டகையில் ஒரு அமெரிக்கக் கார் இருந்தது. டாக்டரம்மாவின் வீட்டுக்காரர் சண்டை ஆரம்பித்த புதிதில் ஆசையாக வரவழைத்தது. பெட்ரோலுக்குப் பங்கீடு வந்ததும் சக்கரங்களைக் கழற்றிச் செங்கல்மேல் ஏற்றி நிறுத்தினார். பிறகு அவரே போய்விட்டார். வண்டி அப்படியே கிடந்தது. சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியது. அந்த வண்டிக்குக் கிளட்ச் இல்லை என்பதைக் கண்டுபிடித்தவன் கபாலி.

கபாலி அண்ணனின் சிநேகிதன். வெள்ளானூர்க்காரன், ஆவடி மிலிட்டரிப் பட்டறையில் வேலை. அண்ணனைப் பார்க்க வந்தவன், கொட்டகைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்தான்.

"அண்ணாத்தே! எழுந்திரு. உள்ள ஒரு வண்டி கீது. ரெண்டே மிதிதான். கியரு அதுவா மாறிக்கும். ஒத்தக் கால் போதும் உனுக்கு!"

அண்ணன் திரும்பிப் பார்த்தான். அவ்வளவுதான். ஆனால் அவன் அப்படித் திரும்பிப் பல நாளாகியிருந்தது.

டாக்டரம்மாவிடம் நான்தான் போய் நின்றேன். "ஓடினா ஆஸ்பத்திரிக்கே ஓடட்டும். அருளப்பனே ஓட்டட்டும்" என்றார்.

அந்த மாதிரி கியர்ப்பெட்டி முழுக்க முழுக்க ஆயிலை நம்பிப் பிழைப்பது. வருஷக்கணக்கில் நின்றால் ஆயில் களிம்பாகிவிடும், உள்ளே இருக்கிற வளையங்கள் காய்ந்து சுருங்கிவிடும். கபாலி அடித்தட்டைக் கழற்றியபோது கருப்பட்டிப் பாகு மாதிரி ஒன்று ஒழுகியது. அந்த வாசனைதான் நான் சொன்னது. சல்லடை முழுக்க அடைத்துக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, கோழி இறகால் துடைத்து, மறுபடி மாட்டினான். அதற்கான மெல்லிய ஆயில் கடையில் கிடைக்காது. பட்டாளம் கழித்துப்போட்ட சாமான்களை ஏலம் விட்டதில் சில டின்களைத் தேடிப் பிடித்தான். ஊற்றிவிட்டு உடனே கிளப்பக்கூடாதாம். "ஊறட்டும் தங்கச்சி. காஞ்ச தோலு எண்ணெ குடிக்க வாணாமா?" என்பான். தினமும் வந்து, இஞ்சினைக் கையால் கொஞ்சம் சுற்றிவிட்டுப் போவான்.

சக்கரங்களை மாட்டிக் கிளப்பின அன்று ஆயில் ஊற்றுகிற வேலை எனக்கு. புனல் கிடைக்காமல் ஆஸ்பத்திரி எனிமா குவளையை எடுத்துப்போனேன். டாக்டரம்மாவிடம் இதை நான் கடைசிவரை சொல்லவில்லை, நீங்களும் சொல்லாதீர்கள்.

அண்ணன் சீட்டில். இஞ்சின் இருமி இருமிப் பிடித்தது. கியர்ப் பிடியைத் தள்ளினான். வண்டி அசையவில்லை. "ஓடவுட்டே ஊத்து தங்கச்சி, உள்ள இழுக்குது பாரு!" என்று கபாலி கத்தினான். ஊற்ற ஊற்ற அளவுக் கம்பியில் ஆயில் இறங்கிக்கொண்டே போனது. என் வெள்ளைப் புடவை போன இடம் தெரியவில்லை. திடீரென்று வண்டிக்குள் ஏதோ ஒன்று விழித்துக்கொண்டது போல ஒரு குலுக்கல். மெதுவாக, தானாக, முன்னால் நகர்ந்தது.

"புட்ச்சிகிச்சு! கபாலி, புட்ச்சிகிச்சுடா!"

அண்ணனின் பழைய குரல். அம்மா தெருவிலிருந்து ஓடி வந்தாள், என்னவோ ஏதோ என்று.

ரிவர்ஸ் மட்டும் விழிக்கவில்லை. அதற்குள்ளே ஒரு பல் உடைந்திருக்க வேண்டும், பெட்டியை முழுக்க இறக்கிப் பிரித்தால்தான் தெரியும் என்றான் கபாலி. அண்ணன் யோசித்தபோது அவன் சிரித்தான். "பின்னால போயி இன்னா பண்ணப் போறே அண்ணாத்தே? முன்னால போயிகினே இரு."

அப்படித்தான் போனோம். வண்டியைத் திருப்ப இடமிருக்கிற பாதையிலேயே அண்ணன் போவான். எங்கே நிறுத்தினாலும் மூக்கு வெளியே பார்த்திருக்கும். மண்ணூர்பேட்டை, திருவேற்காடு என்று எங்கிருந்து ஆள் வந்தாலும் கிளம்பிவிடுவோம். முன்பெல்லாம் மாட்டு வண்டியில் குலுங்கி வந்து பாதி வழியில் பெற்றுக்கொண்ட பெண்கள் எங்கள் பின்சீட்டில் சாய்ந்து வந்தார்கள். பிள்ளை பிறந்தால் அண்ணன் ஆஸ்பத்திரி வாசலில் ஹாரன் அடிப்பான். டாக்டரம்மா திட்டுவார். மறுபடி அடிப்பான். பெட்டியைப் பிரிக்க வேண்டும் என்று கபாலி நினைவுபடுத்திக்கொண்டே இருந்தான். பிரித்தால் பல நாள் வண்டி நிற்கும். யாருக்கும் மனசு வரவில்லை.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒரு காலையில் வெள்ளானூரிலிருந்து சைக்கிளில் ஆள் வந்தான். கபாலியின் பெண்சாதி செல்லம்மாவுக்கு நாள் நெருங்குமுன்பே உதிரம் போகிறது. கபாலி ஆவடியில் வேலையில் இருந்தான். நானும் அண்ணனும் போய் அவளை ஏற்றிக்கொண்டோம். என்னைவிடச் சின்னவள். துணிமூட்டையை விடாமல் பிடித்திருந்தாள்.

திரும்பும் வழி ஏரிக்கரை. ஒரு வண்டி போகிற அகலம்தான். போகும்போது கணுக்கால் தண்ணீர் ஓடிய இடத்தில், திரும்பும்போது கரையே இல்லை. சிவப்புத் தண்ணீர் பாதையை அறுத்துக்கொண்டு வயலில் விழுந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் பள்ளம். திருப்ப வழியில்லை. கொஞ்ச தூரம் பின்னால் போனால் ஆவடிக்குப் பிரிகிற பாதை.

அண்ணன் பிடியை ரிவர்ஸுக்கு இழுத்தான். இஞ்சின் கத்தியது, வண்டி நகரவில்லை. மறுபடி இழுத்தான். மறுபடியும். "மாதாவே, மாதாவே" என்று இழுத்துக்கொண்டே இருந்தான். பிறகு இஞ்சினை ஓடவிட்டே அக்குள் கட்டையை ஊன்றி மழையில் இறங்கினான். முன்பக்கம் போய் இரண்டு கையாலும் தள்ளினான். ஒற்றைக் கால் சேற்றில் வழுக்கி விழுந்தான். எழுந்து தள்ளினான். கண்ணாடி வழியே அவன் முகம் வருவதும் காணாமல் போவதுமாக இருந்தது. நான் இறங்க முடியாது. என் கைகள் செல்லம்மாவின் வயிற்றை அழுத்திக்கொண்டிருந்தன.

"அக்கா, வண்டி நின்னுட்ச்சா?" என்றாள்.

"இல்லம்மா. போய்கினுதான் கீது."

இஞ்சின் அதிர்வு சீட்டில் தெரிந்தது. அதை நம்பினாள். "சீக்கிரமா போவுது" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

வயலிலிருந்து ஆட்கள் கயிற்றுக் கட்டிலோடு வந்தபோது அவள் இல்லை. பிள்ளையும் இல்லை.

சாயங்காலம் கபாலி வந்தான். அடிப்பான், கத்துவான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் அண்ணன் தேறியிருப்பான். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னான்: "பின்னால போயி இன்னா பண்ணப் போறேன்னு நான்தானே அண்ணாத்தே சொன்னேன்."

"ஓட்டுனவன் நான்டா" என்றான் அண்ணன்.

காரியம் முடிந்த மறுநாள் கபாலி கொட்டகைக்கு வந்து, யாரிடமும் கேட்காமல் கியர்ப்பெட்டியை இறக்கினான். பட்டாளத்து உடைசல் வண்டி ஒன்றிலிருந்து ஏதோ எடுத்து வந்து, அரத்தால் அராவி அராவிப் பொருத்தினான். ஒரு மத்தியானம் இஞ்சின் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். ஆஸ்பத்திரி முற்றத்தில் வண்டி பின்னால் போய்க்கொண்டிருந்தது. வேப்பமரம்வரை பின்னால். முன்னுக்கு எடுத்து, மறுபடி பின்னால். கபாலி கழுத்தைத் திருப்பிப் பார்த்தபடி ஓட்டினான். கன்னமெல்லாம் நனைந்திருந்தது. அண்ணன் அறைக்குள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அந்த வண்டியில் அவன் அப்புறம் ஏறவில்லை. எந்த வண்டியிலும்தான். டாக்டரம்மா அதை யாருக்கோ கொடுத்துவிட்டார். ஆனால் தை மாதத்தில் ஒருநாள், கபாலி கூப்பிட்டான் என்று அண்ணன் வெள்ளானூர்வரை கட்டையை ஊன்றியே நடந்து போனான். வயிற்றுப் பிள்ளையோடு செத்தவளுக்காக ஊர் வழக்கப்படி ஏரிக்கரையில் சுமைதாங்கி நட்டார்கள். இரண்டு கல் நிறுத்தி, மேலே ஒரு கல் குறுக்கே. கபாலி மண் தள்ள, அண்ணன் தன் கட்டையால் இடித்து இடித்துக் கெட்டிப்படுத்தினான்.

இருவரும் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது. ஏரியில் பாதி வீடாகிவிட்டது. கரைப் பாதையை அகலப்படுத்தித் தார் போட்டபோது கற்களைப் பிடுங்கிவிட்டார்கள். எங்கே போட்டார்கள் என்று போய்க் கேட்டேன். டீக்கடைப் பையன்களுக்குச் சுமைதாங்கி என்றால் என்னவென்றே தெரியவில்லை. ஒரு காலத்தில் கீரைக்காரி ஒருத்தி அந்தக் கல்மேல் கூடையை இறக்கி வைத்து, கழுத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, "அம்மாடி" என்று மூச்சு விட்டதை நான் பார்த்திருக்கிறேன்.