நான் அழித்த வீடியோ

பிள்ளைகளே, என் மகள் கவிதாவுக்கு வயது பத்து. அவளுக்கு மூட்டுவாதம். சில நாள் ஓடுவாள். சில நாள் சக்கர நாற்காலிதான்.

மலேசியாவில் கோப்பெங் பக்கம் எங்கள் பழைய ரப்பர் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் அவள் கோலாட்டம் ஆடினாள். பெருமையில் அதைப் படம் எடுத்துத் தோட்டத்துக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

"போன வாரம் வீல்சேர், இப்ப கோலாட்டமா? நல்லா நடிக்குது லா!" என்று ஒருவர் எழுதினார். பலர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். கவிதாவும் அதைப் படித்துவிட்டாள்.

மறுநாள் காலை மலைகளெல்லாம் பனியில் மிதந்துகொண்டிருந்தன. கவிதாவின் விரல்கள் மடங்கவில்லை. "இப்ப நம்புவானுங்க" என்று நான் கைப்பேசியில் வீடியோ எடுத்தேன்.

அவள் தூக்கத்தில் பேசுவதுபோல் மெல்லக் கேட்டாள்: "அப்பா, நீங்க நம்புறீங்கதானே? அப்புறம் யாருக்கு எடுக்கிறீங்க?"

வெட்கமாகப் போய்விட்டது. வீடியோவை அழித்தேன். வெதுவெதுப்பான நீரில் அவள் கைகளை வைத்துப் பிடித்துக்கொண்டேன். ஆவி எழ எழ, விரல்கள் ஒவ்வொன்றாக விழித்தன.

இப்போது நான் யாருக்கும் எதையும் காட்டுவதில்லை. காலையில், "இன்னிக்கு எப்படிம்மா இருக்கு?" என்று மட்டும் கேட்கிறேன். அவள் என்ன சொல்கிறாளோ, எங்கள் வீட்டில் அன்றைக்கு அதுதான் உண்மை.