பன்னிரண்டு வார அடுப்பு

மல்லாட்டைத் தோல் எரியும் வாசனையில் ஒரு கசப்பு உண்டு. வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். உடைத்த தோலை மூட்டை கட்டி வைத்துக்கொண்டு வருஷம் பூராவும் அடுப்பெரிப்பார்கள். போன வாரம் திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டில் ஒரு டீக்கடையைத் தாண்டும்போது அந்தப் புகை வந்து கண்ணில் விழுந்தது. நடந்துகொண்டிருந்தவள் நின்றுவிட்டேன். மலை அங்கேயே இருந்தது, பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. நான் மட்டும் இருபத்தாறு வயதுக்காரியாகி, தோளில் ஜோல்னாப்பையும் கையில் அளவு டேப்புமாக, கீழ்பென்னாத்தூரைத் தாண்டி ஒரு கிராமத்தின் இருட்டுச் சமையலறைக்குள் குனிந்து நுழைந்துகொண்டிருந்தேன்.

இப்போது இன்டர்ன்ஷிப் என்கிறார்கள், சமூகத் தொழில்முனைவு என்கிறார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் தொண்டு நிறுவனத்தில் இதற்கு ஃபீல்டு பிளேஸ்மென்ட் என்று பெயர். வெளிநாட்டு மாணவர் ஒருவர் வருவார். பன்னிரண்டு வாரம் தங்குவார். கிராமத்துப் பெண்களுக்கு வருமானம் வரும்படி ஒரு சின்னத் தொழிலைத் தொடங்கிக் கொடுப்பார். ரிப்போர்ட் எழுதுவார், போய்விடுவார். அவர் பேசுவதைத் தமிழிலும் ஊர் பேசுவதை ஆங்கிலத்திலும் சொல்வது என் வேலை.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நன்றாக முடிந்த கதைகள் ஆபீஸ் பீரோவில் ஃபைல் ஃபைலாக இருக்கின்றன. இது அங்கே இல்லை.

1. ரூத் வந்தாள்

ஒரு தை மாதத்தில் டென்மார்க்கிலிருந்து ரூத் வந்தாள். இருபத்திரண்டு வயது. ரமணாசிரமத்துப் பக்கம் ஒரு வாடகை அறையில் அவளை இறக்கினோம். அந்தத் தெருவில் வெள்ளைக்காரர்கள் என்றால் ஒரே காரணம்தான். வெற்றிலைக்கடைக்காரர் முதல் நாளே கேட்டார்.

"தியானத்துக்கு வந்தீங்களாம்மா?"

ரூத் அதற்குள் ஒரே ஒரு தமிழ்ச் சொல் கற்றிருந்தாள். "அடுப்பு" என்றாள்.

கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். "அடுப்புக்கா? எங்க வூட்ல மூணு இருக்குது. இதுக்கா இம்மாந்தூரம் பிளேன் ஏறி வந்துது?"

அவள் கொண்டுவந்திருந்தது புகையில்லா அடுப்புக்கான டிசைன். களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்து, மோல்டில் வைத்து இரண்டு வாய் அடுப்பாகப் பிடிக்க வேண்டும். பின்னால் ஒரு சிம்னி, காற்றைக் கூட்டிக் குறைக்க ஒரு தகடு. பெண்களே இதைச் செய்து, வீடு வீடாகப் பொருத்திக் கொடுத்து, அதைத் தொழிலாக நடத்த வேண்டும் என்பது திட்டம்.

கிராமத்துக்குக் கிளம்புமுன் எங்கள் நிறுவனத்துச் செக்ரட்டரி என்னைத் தனியே கூப்பிட்டார்.

"இந்தாம்மா, அந்தப் பொண்ணுக்கு இருக்கறது பன்னெண்டு வாரம். கிராமத்துல ஆயிரம் பேசுவாங்க. எல்லாத்தயும் அதுங்கிட்ட கொண்டுபோய்க் கொட்டாத. கொழம்பிப் போயிடும். ரிப்போர்ட் நல்லா போச்சின்னா அவங்க காலேஜ்ல ஆறு வாரம் டிரெய்னிங் குடுக்கறாங்க. உன் பேரத்தான் நான் எழுதறதா இருக்கறேன்."

நான் மெட்ராசைத் தாண்டிப் போனதில்லை. அன்று இரவு எனக்குத் தெரியாத டென்மார்க் குளிரைப் போர்த்திக்கொண்டு தூங்கினேன்.

2. அஞ்சலையின் பரண்

முதல் அடுப்பை யார் வீட்டில் போடுவது என்று அந்தக் கிராமத்துத் தெருவில் கேட்டோம். எல்லோரும் ஒரே வீட்டைக் காட்டினார்கள். அஞ்சலை ஒத்துக்கொண்டால் தெருவே ஒத்துக்கொள்ளும்.

அஞ்சலைக்கு அப்போது முப்பத்தெட்டு இருக்கும். சொந்தமாகக் கொஞ்சம் மானாவாரி நிலம், மழையை நம்பி. புகையில் வெந்து இரண்டு கண்ணும் எப்போதும் சிவந்திருக்கும். என்னை முதல் நாளிலிருந்தே டீச்சரம்மா என்றாள். நான் டீச்சர் இல்லையே அக்கா என்றேன். "நோட்டு வச்சிக்கினு சும்மா நின்னு பாக்கறவங்க வேற யாரு? டீச்சரம்மாதான்" என்றாள். தெரு சிரித்தது. நானும் சிரித்தேன்.

அவள் சமையலறையில் அடுப்புக்கு நேர் மேலே ஒரு மூங்கில் பரண். அதிலிருந்து சோளக்கதிரும் கம்பங்கதிரும் கொத்துக் கொத்தாகத் தொங்கின. அவரை, துவரை, தட்டைப்பயறு முடிந்த துணிமுடிச்சுகள். பூசணி விதை போட்ட சுரைக்குடுக்கைகள். எல்லாம் கரி பிடித்துக் கறுத்து, யாரோ இரவை வெட்டி வெட்டித் தொங்கவிட்டதுபோல் இருக்கும். அந்தத் தெருவின் விதை அது. மற்ற வீடுகளிலும் பரண் உண்டு. ஆனால் விதை தப்பாமல் முளைப்பது அஞ்சலையின் பரணில் என்று பேர். ஆடி பிறந்தால் ஆளுக்கொரு முறத்தோடு அவள் வாசலில் நிற்பார்கள்.

ரூத் மண்டி போட்டு அடுப்பு மேடையை அளந்தாள். நான் டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்தேன். மணி பன்னிரண்டரை. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. அஞ்சலை வாசற்படியில் நின்று பேசத் தொடங்கினாள்.

"டீச்சரம்மா, ஒண்ணு கேக்கணும். பொக போறது நல்லதுதான், என் கண்ண நீயே பாக்கற. ஆனா இந்த வெதை நிக்கிறதே பொகயிலதான். பொக பட்டாத்தான் வண்டு அண்டாது. சிம்னி வச்சி பொகய வெளிய வுட்டுட்டா மேல தொங்கறதெல்லாம் ரெண்டு மாசத்துல மாவாப் பூடும். வெதைய வேற எங்க வெக்கிறது, எப்பிடி வெக்கிறது? அந்தப் பொண்ண கேளு. படிச்ச பொண்ணு, எதுனா ஒரு ரோசன வச்சிருக்கும்."

ரூத் தலை நிமிர்ந்து, என்ன சொல்கிறாள் என்று கேட்டாள்.

எனக்கு அந்த நொடி நன்றாக நினைவிருக்கிறது. வண்டுக்கு ஆங்கிலத்தில் என்ன என்று ஒருகணம் தேடினேன். கிடைக்கவில்லை. செக்ரட்டரியின் குரல் வந்தது. டிசைனை மாற்ற வேண்டியிருந்தால் இரண்டு வாரம் போய்விடும் என்று மனசு கணக்குப் போட்டது. புகையாவது விதையைக் காப்பதாவது, பழைய நம்பிக்கை என்று நான் படித்த பி.ஏ. சொன்னது. எனக்குப் பசித்தது. இத்தனையும் காரணம்தான். ஒன்றை மட்டும் காரணமென்று சொல்லித் தப்பிக்க முடியவில்லை.

"அவங்களுக்கு ரொம்ப சந்தோஷம். எப்போ முடியும்னு கேக்கறாங்க" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

ரூத் சிரித்துக்கொண்டே நான்கு விரலைக் காட்டினாள். நாலு நாளில் முடிஞ்சிடும் என்று அஞ்சலையிடம் தமிழில் சொன்னேன். வெதைக்கு ஒண்ணும் ஆகாதாம் என்று நானாகவே சேர்த்துக்கொண்டேன்.

3. எல்லாம் நன்றாகவே நடந்தது

அடுப்பு நல்ல அடுப்பு. இதை நான் எங்கும் மறுத்ததில்லை. ஒரு வாரத்தில் அஞ்சலையின் கண் சிவப்பு போய் வெளுத்தது. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையின் இருமல் நின்றது. விறகு பாதிக்கு மேல் கம்மி. அஞ்சலை மண் குழைப்பதில் ரூத்தை மிஞ்சினாள். மோல்டிலிருந்து கழற்றும்போது விரிசல் விடாமல் இருக்க ஓரத்தில் தவிட்டைத் தூவ வேண்டும் என்பது அவள் கண்டுபிடித்தது. மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டு பதினோரு வீட்டில் போட்டாள். "சாமான் கழுவுற வேல பாதியாப் பூட்ச்சி, மாமியா திட்டறதுக்குக்கூட கரி இல்ல" என்று ஒருத்தி சொல்ல, மற்றவள், "வேற கெடைக்கும்டி, கவலப்படாத" என்றாள். அதை ரூத்துக்குச் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். இப்படிப்பட்டதையெல்லாம் நான் ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன்.

சித்திரையில் ரூத் ஊருக்குப் போனாள். வைகாசியில் அவள் ரிப்போர்ட் அச்சாகி வந்தது. அட்டையில் அஞ்சலை, புது அடுப்பின் முன். உள்ளே ஒரு வரி: பெண்கள் இந்த மாற்றத்துக்கு எந்த ஆட்சேபமும் சொல்லவில்லை. செக்ரட்டரி அந்த வரியின் கீழே சிவப்பு மையில் கோடு போட்டு, நோட்டீஸ் போர்டில் குத்தினார்.

4. ஆடி

மழை அந்த வருஷம் சொன்ன நாளில் வந்தது. அதுதான் கொடுமை. வராமல் இருந்திருந்தால் பழியை வானத்தின்மேல் போட்டிருக்கலாம்.

நான் போனபோது அஞ்சலை வாசலில் ஒரு துணிமுடிச்சை அவிழ்த்து முறத்தில் கொட்டியிருந்தாள். அவரைக்கொட்டை ஒவ்வொன்றிலும் ஊசி குத்தினதுபோல் ஓட்டை. விரலால் தொட்டால் உடைந்தது. கதிரை உதறினால் மாவு கொட்டியது, மாவுக்குள் வண்டுகள் மெல்ல ஊர்ந்தன. பத்துப் பன்னிரண்டு பேர் வெறும் முறத்தோடு சுற்றி நின்றார்கள். அடுப்பு மாற்றின பதினோரு வீட்டுப் பரணும் அதே கதி. விதை போனால் அன்றைக்கே சோறு போய்விடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு தெரு முழுக்க ஒரே காலையில் வெறுங்கையாக நிற்பதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"வெள்ளக்காரிகிட்ட வேல கெடைச்சிதுன்னு தெருவயே வித்துட்டா" என்றாள் ஒருத்தி.

"நம்பி வச்சோமே, இவ வூட்லயே போட்டுக்கினா, அப்பறம் நமக்கு இன்னா பயம்னு."

அஞ்சலை முறத்தைத் தட்டித் தட்டி நல்ல கொட்டை தேடினாள். டீச்சரம்மாதான் ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லிச்சி என்று ஒரு விரலை என் பக்கம் நீட்டியிருந்தால் போதும். நீட்டவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. ஈர மண் வாசனை ஊரெல்லாம் எழுந்து நின்றது, விதைக்க ஒன்றுமில்லாமல்.

செக்ரட்டரியிடம் சொன்னேன். "அடுப்புக்கும் வண்டுக்கும் இன்னாம்மா சம்பந்தம்? வெதைய டப்பால போட்டு மூட சொல்லு" என்றார். கடையில் வாங்கிய விதையைச் சிலர் போட்டார்கள். பாதி முளைத்தது. மானாவாரி மண்ணுக்கு அது பழகவில்லை. ஆவணிக்குள் ஏழு வீட்டில் அடுப்பை உலக்கையால் இடித்துவிட்டார்கள். அஞ்சலையிடம் அடுப்பு போடச் சொல்லி ஒருவரும் வரவில்லை. அவளிடம் விதை கேட்டும் ஒருவரும் வரவில்லை. இரண்டாவதுதான் அவளை முறித்தது. தண்ணீர் எடுக்கப் போனால் பேச்சு நின்றுபோகும் என்று அவள் கணவர் என்னிடம் சொன்னார்.

ரூத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன், இந்த முறை முழுவதையும். பதில் வந்தது. வேப்பிலையும் சாம்பலும் கலந்து பானையில் மூடி வைக்கலாமாம், இல்லாவிட்டால் தகட்டைச் சரித்து வாரத்துக்கு ஒருநாள் புகையைப் பரணுக்கு விடலாமாம். அரைநாள் வேலை, ஏன் அன்றைக்கே என்னிடம் சொல்லவில்லை என்று எழுதியிருந்தாள். கடிதத்தை மடித்து நோட்டுக்குள் வைத்தேன். அரைநாள்.

டிரெய்னிங்குக்கு அழைப்பும் வந்தது. போனேன். போகாமல் இருந்தேன் என்று எழுத ஆசைதான். ஆனால் போனேன்.

திரும்பி வந்த பிறகு நோட்டின் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்துக்கொண்டேன். இடது பக்கம் அவர்கள் சொன்னது, அவர்கள் பேச்சிலேயே. வலது பக்கம் நான் ஆங்கிலத்தில் சொன்னது. மாலையில் பஸ்ஸில் உட்கார்ந்து இரண்டின் நீளத்தையும் பார்ப்பேன். வலது பக்கம் குட்டையாக இருந்தால் மறுநாள் அந்த வீட்டுக்கு முதலில் போவேன். அதன் பிறகு வேலையில் இருந்த பதினெட்டு வருஷமும் இதை விடவில்லை. நீங்களும் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இதைவிடப் பெரியதாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் சேரவில்லை.

5. பஸ் ஸ்டாண்ட்

நான் டிரெய்னிங்குக்குக் கிளம்பும் முன்னால், ஆவணிக் கடைசியில், அஞ்சலையைக் கடைசியாகப் பார்த்தேன். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில், பெங்களூர் பஸ்ஸின் ஓரத்தில். கட்டட வேலைக்குப் போகிறார்கள். கணவர் மேலே ஏறி மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு வாளி, இரண்டு பாய், துணிமூட்டை. பரணில் இருந்த எதுவும் அதில் இல்லை.

"எப்போ வருவீங்கக்கா?"

"வந்து இன்னா பண்றது? நெலத்த குத்தகைக்கு வுட்டாச்சி. அங்க தெனம் கூலி. வெதைக்க வேணாம், அறுக்க வேணாம்."

அவள் கண் நன்றாக வெளுத்திருந்தது. புகை படாத கண். அதைப் பார்த்துக்கொண்டு பேச முடியாமல் ஜன்னல் கம்பியைப் பார்த்துப் பேசினேன்.

"அக்கா, அன்னிக்கு நீங்க கேட்டத நான் ரூத்துகிட்ட சொல்லவே இல்ல. ஒண்ணும் ஆகாதுன்னு அது சொல்லல, நானாத்தான் சொன்னேன்."

கண்டக்டர் விசில் அடித்தார். அஞ்சலை படியில் ஒரு காலை வைத்தவள் திரும்பினாள்.

"தெரியும் டீச்சரம்மா. நான் அவ்ளோ நேரம் பேசறேன், நீ ரெண்டு வார்த்தையில முடிச்சிட்ட. அதக் கேட்டு அது சிரிக்கிது. நான் கேட்டது சிரிக்கிற சமாச்சாரமா?"

"தெரிஞ்சுமா அடுப்பு போட வுட்டீங்க? அங்கயே என்ன மடக்கிக் கேட்டிருக்கலாமேக்கா?"

பஸ் நகரத் தொடங்கியது. மேலேயிருந்து இறங்கி உள்ளே ஏறியிருந்த கணவர் அவள் கையைப் பிடித்து இழுத்தார். அவள் ஏறிக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி குனிந்து சொன்னாள்.

"படிச்சவ சொல்லாம வுட்டா, அதுல எதுனா நல்லது இருக்கும்னு நெனச்சிக்கினேன்."