அக்காவின் காய்ச்சல்

வேன், செம்பனைத் தோட்டத்துக்குள் போகும் மண் சாலையில் என்ஜின் ஓடியபடியே நின்றிருந்தது. சீருடை போட்ட பிள்ளைகள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஆண்ட்டி, ஸ்கூல் அந்தப் பக்கம் லா!" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என் அக்கா எதிரே இருந்த மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூலிம் டவுன் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்த நான், தற்செயலாகத்தான் அந்த வேனைப் பார்த்தேன். பாடாங் மேஹா தோட்டத்துப் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிப்போவது பல வருடங்களாக அவள் வேலை. கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்ச் சேரும் வழி அது. நான் கதவைத் திறந்ததும் திரும்பி, "தம்பி, ஸ்கூல் இங்கதானே இருந்துச்சு? யாரு எடுத்தாங்க?" என்று கேட்டாள். விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அதற்கு முன்பே அவளுக்குக் காய்ச்சலும் தலைவலியும் இருந்தன. டெங்கியாக இருக்குமோ என்று கிளினிக்கில் ரத்தம் பார்த்து, இல்லை என்று சொல்லியிருந்தார்கள். பிள்ளைகள் காத்திருப்பார்கள் என்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேனை எடுத்துவிட்டாள். நானே வேனை ஓட்டிப் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு அவளை வீட்டுக்குக் கூட்டிவந்த கொஞ்ச நேரத்தில் வலிப்பு வந்தது. நானும் அக்காவின் கணவரும் அவளைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மாமா பின்சீட்டில் அவளைப் பிடித்துக்கொள்ள, நான்தான் ஓட்டினேன்.

முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துச் சோதித்தார்கள். உதட்டில் புண் வரவைக்கும் சாதாரண வைரஸ்தான் அவள் மூளைக்குள் போயிருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. அந்தப் புண் சின்ன வயதிலிருந்து எனக்கும்தான் வருகிறது. "அது எல்லாருக்கும் வரதுதானே டாக்டர்?" என்றேன். "ஆமா தம்பி, முக்கால்வாசிப் பேர் உடம்புல இருக்கு. இவங்களுக்கு மட்டும் ஏன் மூளைக்குப் போச்சுன்னுதான் எனக்கும் சந்தேகமா இருக்கு" என்றார். மருந்து ஏற்றினார்கள். அக்கா பிழைத்தாள். ஆனால் அவளுக்குள் புதிதாக எதுவும் தங்கவில்லை. பழையது அப்படியே இருந்தது. காலையில் சொன்னது சற்று நேரத்தில் போய்விடும். வேனை விற்ற பிறகும் மதியமானால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவாள். "பிள்ளைங்க வெயில்ல நிப்பாங்க மாமா" என்று கணவரிடம் கெஞ்சுவாள். அவர் ஒவ்வொரு நாளும் முதல் முறை சொல்வதுபோல் வேன் விற்ற கதையைச் சொல்வார். அவள் ஒவ்வொரு நாளும் முதல் முறை கேட்பதுபோல் அழுவாள்.

டாக்டரம்மா விடவில்லை. அக்காவின் ரத்தத்தையும் என் ரத்தத்தையும் வாங்கி வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பினார். வெகுநாள் கழித்து என்னை மட்டும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். உடம்பின் செல்களுக்குள் வேவு பார்க்கும் புரதங்கள் உண்டாம். வைரஸ் உள்ளே வந்து தன்னைப் பெருக்கும்போது நம்மிடம் சாதாரணமாக இல்லாத, ஆர்.என்.ஏ. என்னும் மரபுப்பொருளின் நீண்ட இரட்டைச் சரடு ஒன்று உண்டாகுமாம். அந்தப் புரதங்களில் ஒன்று அதைத் தொட்டு அடையாளம் கண்டதும், பாதிக்கப்பட்ட செல் பக்கத்துச் செல்களுக்கு எச்சரிக்கை அனுப்பும். அவை வைரஸைப் பெருகவிடாமல் தங்களைத் தயார்படுத்திக்கொள்ளும். "உங்க அக்காவுக்கு அந்த வேவு பார்க்கிற புரதம் பிறவியிலேயே சரியா அமையல. உடம்புல மத்த இடத்துல வேற வழி இருக்கு, சளி காய்ச்சல் எல்லாம் வந்து போயிடும். மூளையில மட்டும் இது இல்லன்னா கஷ்டம்." என் ரிப்போர்ட்டைத் திருப்பிக் காட்டி, "அதே குறை உங்களுக்கும் இருக்கு" என்றார்.

"அப்புறம் எனக்கு ஏன் வரல?"

"தெரியல தம்பி. குறை இருக்கிறவங்க நிறைய பேருக்கு ஒன்னும் ஆகறதில்ல. ஏன்னு யாருக்கும் சரியாத் தெரியல."

தடுக்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். காய்ச்சலோடு பேச்சு தடுமாறினால் உடனே வரச் சொன்னார். அவ்வளவுதான். அப்போது என் மனைவி கர்ப்பமாக இருந்தாள். பிள்ளைக்கும் அது போகலாம், போகாமலும் இருக்கலாம் என்றார். மனைவியிடம் அன்று அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நேராக அக்கா வீட்டுக்குப் போய் அவளிடம் சொன்னேன். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. அவள் மறந்துவிடுவாள் என்றும் தெரியும். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "உனக்கு ஒன்னும் ஆகாதுப்பா, நான் இருக்கேன்ல" என்றாள். பிறகு தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள். கிளாஸோடு திரும்பியபோது அவள் முகம் தெளிவாக இருந்தது. "எப்பப்பா வந்த? வேலைக்குப் போகலையா?" என்றாள்.

பின்னர் மனைவியிடமும் சொன்னேன். இப்போது மகளுக்கு மூன்று வயது. அவள் ரத்தத்தைச் சோதிக்கலாம் என்கிறார்கள். தெரிந்துகொண்டு என்ன செய்வது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. போன வாரம் அவளுக்குக் காய்ச்சல். அக்கா தன் மடியில் அவளைப் படுக்கவைத்து நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள். நான் குனிந்து, "உன் பேரு என்னம்மா?" என்று கேட்டேன். குழந்தை திக்காமல் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டேன். சலித்துக்கொண்டே சொன்னாள்.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நல்ல பேரா இருக்கே. பிள்ளைக்கு உடம்பு கொதிக்குதுப்பா" என்றாள். "யாரு வீட்டுப் பிள்ளை இது?"